2018: என் நெஞ்சில் நின்ற நான்கு படங்கள்

"உனக்கு மிகவும் பிடித்த படம் எது?" என்று கேட்டதும் ஒரே பெயரைப் பட்டென்று சொல்லிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கும். என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஆனால், பிடித்த ஆண்டு எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 2018.

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பாரதியைப் பற்றி எழுது, தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலத்தைப் பற்றி எழுது என்றார்கள். அவையெல்லாம் எழுத வேண்டியவைதாம். ஆனால், நம்மில் பலருடைய வீடுகளில் புத்தக அலமாரி இருந்ததில்லை. தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. தமிழ்ப்பள்ளியை விட்டு வந்த பிறகு எங்கள் வீட்டுக்குள் தமிழை நாள்தோறும் கொண்டுவந்து சேர்த்தது அந்தப் பெட்டிதான் என்றால் அது மிகையாகாது. ஆகவே, எழுதுகிறேன்.

2018 தமிழ்த் திரையுலகுக்கு நல்லபடியாகத் தொடங்கவில்லை. திரையரங்குகளுக்கு மின்னியல் முறையில் படம் அனுப்பும் நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்து, தயாரிப்பாளர்கள் மார்ச் 1 முதல் புதுப்படங்களை வெளியிடாமல் நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஐம்பது நாள் அந்தப் போராட்டம் நீடித்தது. அது முடிந்த சில வாரங்களில், மே 9ஆம் நாள், நம் நாட்டில் 14ஆவது பொதுத்தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. பெரியவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயது பதினைந்து. படம் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

காத்திருந்ததற்குப் பலன் ஆண்டின் பிற்பகுதியில் கிடைத்தது. செப்டம்பர் 27இல் 'செக்கச்சிவந்த வானம்', 28இல் 'பரியேறும் பெருமாள்', அக்டோபர் 4இல் '96', 5இல் 'ராட்சசன்', 17இல் 'வடசென்னை'. மூன்றே வாரங்களில் இத்தனை படங்கள்! அதற்குச் சற்று முன், ஆகஸ்ட் 24இல், அதிக ஆரவாரமில்லாமல் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்திருந்தது. இவற்றுள் நான்கைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன். எவை சிறந்தவை என்று தீர்ப்புச் சொல்ல நான் விமர்சகன் அல்லன். என்னோடு தங்கிவிட்டவை இவை, அவ்வளவுதான்.

முதலாவது, மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்'. பா. ரஞ்சித் தயாரித்தது, கதிர் நாயகன். கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கொல்லப்படுவதில் படம் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேரும் ஓர் ஏழை மாணவன் சாதியின் பெயரால் படும் அவமானமே கதை. அம்பேத்கரைப் போல் படித்து உயர வேண்டும் என்று வருகிறவன் அவன். ஆனால், வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களுக்குப் புகுமுக வகுப்பு என்றால் என்னவென்று தெரியும். அப்போது யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழி போதிய அளவுக்கு வராதவர்கள், முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு அந்த வகுப்பில் இருக்க வேண்டியிருந்தது. நானும் இருந்தேன். அதனால், 2018இல் என்னோடு பிறந்தவர்கள் மூன்றாம் படிவத்தில் பி.டி.3 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க, நான் இரண்டாம் படிவத்தில் இருந்தேன். பரமேஸ்வரா மலாக்காவுக்கு வந்த கதை எனக்குத் தமிழில் நன்றாகத் தெரியும். ஆனால், ஆசிரியர் கேட்கும்போது கை தூக்கி மலாயில் சொல்ல நா எழாது. தெரியாதவன் என்று பெயர் வாங்குவது ஒன்று. தெரிந்ததைச் சொல்ல மொழியில்லாமல் நிற்பது வேறு. இரண்டாவது வலி எப்படியிருக்கும் என்பதைத் திரையில் முதன்முதலாகக் கண்டது பரியனின் முகத்தில்தான்.

பரியனின் துன்பமும் என் துன்பமும் ஒன்று என்று சொல்லவில்லை. அவன் சுமந்தது சாதி. அது உயிரைக் கேட்கும் கொடுமை. அவனுடைய தந்தை, கூத்துக்கலைஞர், கல்லூரி வாசலில் அவமானப்படுத்தப்படும் காட்சியை இன்றும் என்னால் முழுமையாகப் பார்க்க முடிவதில்லை. ஆனால், படத்தின் முடிவில் பரியன் அரிவாளைத் தூக்கவில்லை. நீங்கள் மாறாத வரை இங்கே எதுவும் மாறாது என்ற பொருள்படப் பேசிவிட்டு நிற்கிறான். கடைசியாக மேசைமேல் இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு பூ. சாதி நம் நாட்டில் இல்லை என்று சொல்லிக்கொள்கிற நாம், கலியாணப் பேச்சு வரும்போது என்ன கேட்கிறோம் என்பதையும் அந்தக் குவளைகள் எனக்கு நினைவூட்டின.

இரண்டாவது, பிரேம்குமார் இயக்கிய '96'. ஒளிப்பதிவாளராக இருந்தவர் இயக்குநரான முதல் படம் இது. தஞ்சாவூரில் ஒன்றாகப் பள்ளியில் படித்த ராமும் ஜானுவும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் சந்தித்து, ஓரிரவைப் பேசிக் கழித்துப் பிரிகிறார்கள். விஜய் சேதுபதியும் த்ரிஷாவும் நடித்தார்கள். ஜானு வருவது சிங்கப்பூரிலிருந்து. திரும்பிப் போவதும் சிங்கப்பூருக்கே. நம் பக்கத்துக்குத் தெரிந்த ஊர் என்பதால் எங்களுக்கு அவள் சொந்தக்காரியைப் போலவே தெரிந்தாள்.

இந்தப் படத்தைச் சுங்கைப் பட்டாணியில் ஒரு திரையரங்கில் அம்மாவோடும் அண்ணனோடும் பார்த்தேன். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோயிற்று. படத்தில் வகுப்பறை வரும்போதெல்லாம் தலையை முன்னே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள், பலரிடம் கேட்டு எண்ணை வாங்கி, சிறுவயதுத் தோழி ஒருவரைக் கைப்பேசியில் அழைத்தார். அந்தத் தோழி ஜொகூரில் இருந்தார். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். "வாடி, போடி" என்று அம்மா பேசி அன்றுதான் கேட்டேன். எனக்கு அம்மாவாக இருப்பதற்கு முன் அவர் யாராக இருந்தார் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையின் அடியில் மலாய் மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. காது தமிழைக் கேட்க, கண் மலாயைப் படிக்கும். 'ஏக்கம்' என்பதற்கு நெருக்கமாக மலாயில் 'ரிண்டு' என்ற சொல் இருப்பதை நான் அகராதியில் படிக்கவில்லை. அந்த அடிவரிகளில்தான் கற்றேன். வகுப்பில் என்னை ஊமையாக்கிய மொழி, திரையரங்கில் என் மொழிக்குக் கீழே பணிவாக வந்து உதவி செய்தது. அதன் பிறகு மலாய்மொழியைப் பகையாக நினைக்கத் தோன்றவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் அப்பாடத்தில் நான் நன்றாகவே தேறினேன். எனக்கு மலாய் கற்பித்த ஆசிரியர்களின் பட்டியலில் தமிழ்ப் படங்களுக்கும் ஓர் இடம் உண்டு.

மூன்றாவது, வெற்றிமாறனின் 'வடசென்னை'. அண்ணன் அதற்கு என்னை அழைத்துப் போக மறுத்துவிட்டார். வெட்டும் குத்தும் சிறுவர்களுக்கு வேண்டாம் என்றார். சில ஆண்டுகளுக்குப் பின் விடுதி அறையில்தான் பார்த்தேன். அன்பு என்ற இளைஞன் கேரம் விளையாட்டில் திறமைசாலி. அவன் ஆசையெல்லாம் அந்தப் பலகைமேல்தான். ஆனால், சுற்றியிருக்கும் பகை அவனை ஒரு சதுரத்துக்குள் தள்ளுகிறது. சிறைக்குள் போகிறான், கூட்டத்துக்குள் போகிறான். 1987இல் எம்.ஜி.ஆர். மறைவு, 1991இல் ராஜீவ் காந்தி கொலை என்று நாட்டின் செய்திகள் பின்னணியில் ஓட, ஒரு மீனவக் குடியிருப்பு தன் நிலத்தைக் காப்பாற்றப் போராடுகிறது.

என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவன் நூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஓடியவன். புகுமுக வகுப்பிலும் என் பக்கத்து நாற்காலி. இரண்டாம் படிவத்தின் நடுவில் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். வீட்டில் கடன், ஒரு பட்டறையில் வேலை, பிறகு வேறு கூட்டம். பெயர் சொல்ல விரும்பவில்லை. குண்டர் கும்பலைப் பற்றி நம்மவர் கூட்டங்களில் பேச்சாளர்கள் முழங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 'இளைஞர்கள் திருந்த வேண்டும்' என்பார்கள். 'வடசென்னை' திருந்தச் சொல்லவில்லை. ஒருவன் எப்படி அங்கே போய்ச் சேர்கிறான் என்று அடிமேல் அடியாகக் காட்டுகிறது. அன்புவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டக்காரனின் கால்கள் நினைவுக்கு வரும்.

நான்காவதாகச் சொன்னாலும் என் மனத்தில் முதலிடம் 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்குத்தான். லெனின் பாரதி இயக்கம், இளையராஜா இசை. விஜய் சேதுபதி தயாரித்தார், நடிக்கவில்லை. பெரும்பாலும் அறிமுகமில்லாத முகங்கள். ரங்கசாமி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமக்கும் தொழிலாளி. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும் என்பதே அவன் கனவு. ஒருமுறை பத்திரப்பதிவு தடைபடுகிறது. இன்னொரு முறை, அவன் பணம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறுகிறது. கடைசியில் நிலம் கிடைக்கிறது, கடனில் போய்விடுகிறது. முடிவில், தான் உழுத அதே நிலத்தில், காற்றாலைக்குக் காவலாளியாகச் சீருடை அணிந்து உட்கார்ந்திருக்கிறான்.

இதைப் பாட்டியோடு வீட்டில் பார்த்தேன். பாட்டி பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தோர் ஆண்டு பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் வெட்டப்பட்டு, லயத்து வீடுகள் உடைக்கப்பட்டு, இன்று அங்கே வீடமைப்புப் பகுதி நிற்கிறது. அதன் நுழைவாயிலில் இருக்கும் சிறு கூண்டில் என் பெரியப்பா ஆறு ஆண்டு ஜாகா வேலை பார்த்தார். இளவயதில் வாளி தூக்கி நடந்த மண்ணில், வருகிற கார்களின் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மாதச் சம்பளம் வரும் வேலை, அவ்வளவுதான் என்றே நினைத்திருந்தோம்.

படத்தின் கடைசிக் காட்சியில் ரங்கசாமி நாற்காலியில் உட்கார்ந்ததும் பாட்டி, "உன் பெரியப்பன் மாதிரியே இருக்கான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அவனுக்காவது கொஞ்ச நாளு நிலம் இருந்துச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, எழுந்து பால் காய்ச்சப் போய்விட்டார்.

நம் தோட்டப் பாட்டாளிகளின் வரலாற்றைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் கட்டுரைகள் படித்திருக்கிறேன். தோட்டத் துண்டாடல், இடப்பெயர்வு, நகர்ப்புற ஏழ்மை என்று தலைப்புகள் இருக்கும். அவை அனைத்தும் பாட்டியின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. தலைமுறை தலைமுறையாக ஒரு மண்ணில் உழைத்தும் ஒரு சாண் நிலத்துக்குக்கூடப் பத்திரம் இல்லாதவர்கள் அவர்கள். அதன் பிறகுதான் பாட்டியிடம் கேள்வி கேட்கத் தொடங்கினேன். எத்தனை மணிக்குப் பெரட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மரம், மழை பெய்தால் கூலி உண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தேன். அந்த நோட்டுப்புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாட்டி 2021இல் காலமாகிவிட்டார்.

நம் நாட்டுப் படங்களை மறந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அதே 2018இல் விமலா பெருமாள் இயக்கத்தில் டெனிஸ் குமாரும் சங்கீதா கிருஷ்ணசாமியும் நடித்த 'வெடிகுண்டு பசங்க' வந்தது. நாம் பேசுகிற தமிழைத் திரையில் கேட்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியே தனி. அதற்கு முன் 2015இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதையைச் சொல்லி, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. ரங்கசாமியின் கதையைத் தமிழ்நாட்டவர் எடுத்துவிட்டார்கள். ஜாகா கூண்டில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பாவின் கதையை நம்மில் ஒருவர்தான் எடுக்க வேண்டும்.

திரைப்படம் மட்டுமே வாழ்க்கையன்று. அதை நானும் அறிவேன். ஆனால், வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவனுக்கு, அவன் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று சொல்ல ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. எனக்கு அதை அந்த ஓராண்டுப் படங்கள் சொல்லின. வாசிக்கும் நண்பர்களே, உங்களுக்கும் அப்படி ஓர் ஆண்டு இருக்கும். அந்தப் படங்களில் ஒன்றை, இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, வீட்டிலிருக்கும் மூத்தவர் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். அவர் ஏதாவது சொல்லக்கூடும்.