வருவோருக்கு ஒரு விளக்கு

நுழையும்முன்

விழா என்பது ஒரு நாள். அதற்கான காத்திருப்போ பல நாள்கள். கடலை நம்பி வாழும் ஒரு சிற்றூர் கிறிஸ்துமஸ் விழாவுக்கு எவ்வாறு ஆயத்தமாகிறது, அந்த ஆயத்தம் ஒரு பேரிடரின்போது அவ்வூருக்கு எவ்வாறு துணைநின்றது என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

காத்திருப்பில் தொடங்கும் ஆண்டு

எந்த விழாவும் அதற்குரிய நாளில் தொடங்குவதில்லை. தை முதல்நாள் பொங்கும் பானைக்கு முன்னே, மார்கழி முழுவதும் வாசல்கள் கோலமிட்டு விழித்திருக்கின்றன. ஈகைத் திருநாளின் பிறைக்கு முன்னே ஒரு திங்கள் நோன்பு இருக்கிறது. அவ்வாறே கிறிஸ்துமஸ் விழாவுக்கு முன்னும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட ஒரு காலம் உண்டு. அதனைத் 'திருவருகைக் காலம்' என்பர். 'வருகை' எனப் பொருள்படும் 'அத்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லை ஒட்டி அமைந்த பெயர் அது. கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே தொடங்குகிறது. ஓர் ஆண்டையே காத்திருப்பில் தொடங்கும் வழக்கம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்த முதல் ஞாயிற்றைக் கண்டறிய எங்கள் ஊர் முதியவர்களுக்கு எளிய வழி ஒன்று இருந்தது. நவம்பர் 30ஆம் நாள் புனித அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அந்திரேயா கலிலேயக் கடலில் வலைவீசிய மீனவர்; இயேசுவின் முதல் சீடர்களுள் ஒருவர். "நம்ம ஆளு ஒருத்தர் வந்து கதவைத் திறந்து வைச்ச பெறகுதான் கிறிஸ்துமஸ் உள்ள வரும்" என்று என் பாட்டி பெருமையுடன் சொல்வார்.

கடலோரப் பங்கு

என் ஊர் குமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையில் உள்ளது. ஒரு கோவிலைச் சார்ந்து வாழும் மக்களின் தொகுதியைக் கத்தோலிக்கர் 'பங்கு' என்பர். அதன் பொறுப்பை ஏற்றிருக்கும் குரு பங்குத்தந்தை. எங்கள் ஊரில் பங்கு வேறு, ஊர் வேறு என்று பிரித்துப் பார்க்க இயலாது. பள்ளிக்கூடம், படிப்பகம், ஊர்க்கூட்டம் கூடும் திண்ணை, வலை பின்னுவோர் அமரும் நிழல் என அனைத்தும் கோவிலைச் சுற்றியே அமைந்திருந்தன.

கோவிலின் கோபுரத்திற்கும் கடலில் ஒரு வேலை இருந்தது. கட்டுமரத்தில் செல்பவர்கள் கோபுரத்தையும், அதன் பின்னே தெரியும் மேற்குமலையின் ஒரு முகட்டையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்துத் தாம் இருக்கும் இடத்தைக் கணிப்பர். கரையின் குடிசைகளும் தென்னைகளும் மறைந்த பின்னரும் கோபுரம் மட்டும் நெடுநேரம் தெரியும். திரும்பி வரும்போது முதலில் தெரிவதும் அதுவே.

ஆயத்த நாள்கள்

திருவருகைக் காலம் தொடங்கியதும் கோவிலின் தோற்றமும் ஒலியும் மாறிவிடும். குருவின் திருவுடை ஊதா நிறமாகும். மூன்றாம் ஞாயிறன்று மட்டும் மகிழ்ச்சியின் அடையாளமாக இளஞ்சிவப்பு நிற உடையை அணிவதுண்டு. ஞாயிறு திருப்பலியில் வழக்கமாகப் பாடப்படும் 'வானவர் கீதம்' இந்த ஞாயிறுகளில் பாடப்படுவதில்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவில் அது மணியோசையுடன் மீண்டும் எழும். சிறுவயதில் எங்களுக்கு விழாவின் உச்சம் புத்தாடையோ பலகாரமோ அல்ல. நான்கு வாரங்களாக அடக்கி வைத்திருந்த அந்தப் பாடலை ஊரே சேர்ந்து உரத்த குரலில் பாடும் நொடிதான்.

பீடத்தின் அருகே பசுந்தழைகளாலான வளையம் ஒன்று இருக்கும். அதில் நான்கு மெழுகுவர்த்திகள். வாரத்திற்கு ஒன்றாக அவை ஏற்றப்படும். 1839ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில், ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்பவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி, விழாவுக்கு இன்னும் எத்தனை நாள்கள் என்பதைச் சிறுவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து வளர்ந்தது இவ்வழக்கம். குளிர்நாட்டார் ஊசியிலைத் தழைகளால் வளையம் செய்வர். எங்கள் கடற்கரைக்குக் கிடைத்தது சவுக்குத் தழை.

சிறுவர்களுக்குரிய பணி குடில் அமைத்தல். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும் மாட்டையும் கழுதையையும் கொண்டு இயேசு பிறந்த காட்சியை எளிய மக்களின் கண்முன் நிறுத்தினார். அந்த மரபின் தொடர்ச்சியே இன்றைய குடில்கள். குடிலைச் சுற்றிப் பசும்புல் வேண்டும் என்பதற்காக நாங்கள் டிசம்பர் நடுவில் சிரட்டைகளில் மண்ணை நிரப்பிக் கேழ்வரகு விதைப்போம். முளை வந்ததா என்று நாள்தோறும் மண்ணைக் கிளறிப் பார்ப்பவனின் சிரட்டை கருகிப்போகும். நீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பவனின் சிரட்டை பச்சை பிடிக்கும்.

மற்றொரு வழக்கமும் உண்டு. கோவிலில் வெறுமையான தீவனத் தொட்டி ஒன்றை வைத்திருப்பர். பிறருக்கு ஒரு நன்மை செய்த சிறுவர் அதில் ஒரு வைக்கோலை இடலாம். யாருக்கு என்ன செய்தாய் என்று எவரும் கேட்பதில்லை. விழா இரவில் குழந்தை இயேசுவின் உருவம் கிடத்தப்படுவது அந்த வைக்கோலின்மீதுதான்.

வீடுகளில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அடுப்பேறும். இளைஞர்கள் மூங்கில் வளார்களைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, விண்மீன் செய்து தொங்கவிடுவர். பாடகர் குழு இரவுகளில் வீடுவீடாகப் பாடிச் செல்லும்.

முல்லையும் நெய்தலும்

தமிழாசிரியனான பின்னர், ஐந்திணைப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வரும். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். இரண்டிலும் ஒருவர் மற்றொருவரின் வருகையை எதிர்நோக்குகிறார். முல்லைத் தலைவி தலைவன் குறித்த பருவத்தில் வருவான் என்று ஆற்றியிருக்கிறாள். நெய்தல் தலைவிக்கோ அந்த உறுதி இல்லை. அவள் கடலைப் பார்த்து வருந்துகிறாள்.

எங்கள் நிலம் நெய்தல். எங்கள் தாய்மார் வாழ முயன்றதோ முல்லை ஒழுக்கத்தை. விடியுமுன் கரைக்காற்றில் பாய்விரித்துச் சென்ற கட்டுமரங்கள் பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். அந்நேரத்தில் என் தாயார் கூடையுடன் மணலில் நிற்பார். தந்தையின் மரம் தெரியும்வரை யாருடனும் பேசமாட்டார். தெரிந்த பின்னர் அவரைப்போலப் பேசுவார் எவருமில்லை. எல்லா நாளும் எல்லாருக்கும் மரம் தெரிந்துவிடுவதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், ஆழிப்பேரலை எங்கள் கடற்கரையில் பலரைக் கொண்டுசென்றது. டிசம்பர் மாதம் எங்களுக்கு மகிழ்ச்சியை மட்டும் கொண்டுவரும் மாதம் அன்று.

குறுகிய காலம், நீண்ட நாள்கள்

2017ஆம் ஆண்டு நவம்பர் 30, வியாழக்கிழமை. அந்திரேயாவின் திருநாளன்றே ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. வாழையும் இரப்பரும் முறிந்து வீழ்ந்தன. கரையில் நேர்ந்த அழிவு கண்ணுக்குத் தெரிந்தது. கடலில் நேர்ந்தது தெரியவில்லை. பல நாள்கள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தன. எங்கள் பங்கிலிருந்து சென்ற இரண்டு படகுகளைப் பற்றி எச்செய்தியும் இல்லை.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3ஆம் நாள் வந்தது. மின்சாரம் இன்னும் திரும்பவில்லை. அன்று மாலைத் திருப்பலியில் ஏற்றப்பட்ட முதல் மெழுகுவர்த்தி அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. இருண்ட கோவிலில் மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காண உதவிய வெளிச்சமும் அதுவே.

இலட்சத்தீவிலும் மகாராஷ்டிர, குஜராத் கரைகளிலும் படகுகள் ஒதுங்கியதாகச் செய்திகள் வரத் தொடங்கின. எங்கள் படகுகளுள் ஒன்றில் சென்றவர்கள் இரண்டாம் வாரத்தில் இலட்சத்தீவிலிருந்து பேசினர். அவர்களுடைய வீடுகளில் எழுந்த மகிழ்ச்சிக் குரல், அடுத்த தெருவில் காத்திருந்தவர்களை எண்ணி உடனே அடங்கியது. மற்றொரு படகில் நால்வர் இருந்தனர்.

கிறிஸ்துமஸ் திங்கட்கிழமையில் வந்தால், நான்காம் ஞாயிறே டிசம்பர் 24ஆம் நாளாகிவிடும். அப்போது திருவருகைக் காலம் 22 நாள்களாகச் சுருங்கும். அதற்குமேல் குறைய வழியில்லை. 2017இல் அப்படித்தான் அமைந்தது. நாட்காட்டியின்படி மிகக் குறுகிய அக்காலம், எங்கள் ஊர் அறிந்தவற்றுள் மிக நீண்டதாயிற்று.

ஒற்றை விண்மீன்

விழாவை எவ்வாறு நடத்துவது என்று முடிவுசெய்யப் பங்கு மக்கள் கூடினர். நாகர்கோவிலில் பணியாற்றிக்கொண்டிருந்த நானும் அக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். வெடியும் வேண்டாம், பாடற்பவனியும் வேண்டாம் என்பதில் அனைவரும் ஒன்றுபட்டனர். கோபுரத்தில் ஏற்றும் பெரிய விண்மீனும் வேண்டாம் என்றனர் பலர். துயரம் சூழ்ந்த ஊருக்கு அலங்காரம் எதற்கு என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் இருந்தது. அப்போது காணாமற்போன நால்வருள் ஒருவரின் மனைவி எழுந்து நின்றார். மீன் விற்றுப் பிழைப்பவர். கூட்டத்தில் பேசி அறியாதவர்.

"நட்சத்திரம் வேண்டாம்னு சொல்லாதீங்க சாமி. வழி தேடி வாறவங்களுக்குத்தானே அது. கரை இருட்டாக் கெடந்தா, அவிய எந்தக் கரைன்னு வருவாவ?"

அதற்குப்பின் யாரும் பேசவில்லை. வீடுகளில் விண்மீன் இல்லை. கோபுரத்தில் மட்டும் ஒன்று ஏற்றப்பட்டது. மின்சாரம் தடைப்பட்டால் எரிய வேண்டும் என்பதற்காக இளைஞர்கள் அதற்கு மின்கலமும் பொருத்தினர். பவனிக்கும் வெடிக்கும் ஒதுக்கிய பணம் அந்த நான்கு வீடுகளுக்குச் சென்றது. மேற்கே உள்நாட்டு ஊர்களைச் சேர்ந்த உழவர்கள், முறிந்த வாழைகளில் தேறிய காய்த்தார்களை வண்டியில் ஏற்றிவந்து கோவில் முற்றத்தில் இறக்கினர். ஆண்டின் உழைப்பை இழந்தவர்கள் அவர்கள், வேற்றுச் சமயத்தவர்கள். "இதுதான் மிஞ்சியது" என்று மட்டும் கூறிச் சென்றனர்.

கிறிஸ்துமஸ் இரவு வந்தது. குழந்தை உருவத்தைக் கிடத்தச் சென்ற பங்குத்தந்தை சற்றே தயங்கி நின்றார். தீவனத் தொட்டி வைக்கோலால் நிரம்பி வழிந்தது. அந்த மூன்று வாரங்களில் அவ்வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், அலுவலகங்களுக்குத் துணைக்குச் சென்றவர்கள் எல்லாரும் சிறுவர்களே. வானவர் கீதத்தைத் தொடங்கிய பாடகர் குழுவின் குரல் முதல் அடியிலேயே தழுதழுத்து நின்றது. பின்வரிசையில் இருந்த முதிய பெண்கள் அதனை எடுத்துப் பாடினர். ஊர் அவர்களைத் தொடர்ந்தது.

விளக்கை இறக்கிய நாள்

ஜனவரி 6ஆம் நாள் மூவரசர் திருநாள் முடிந்ததும் விண்மீனை இறக்குவது எங்கள் பங்கின் வழக்கம். அவ்வாண்டு எவரும் அதனை இறக்க முன்வரவில்லை. இறக்கச் சொல்லவும் எவருக்கும் மனமில்லை. ஜனவரி கழிந்தது. பிப்ரவரி 14 திருநீற்றுப் புதன்; தவக்காலத்தின் தொடக்கம். அதற்கு முந்தைய நாள் மாலை, அன்று கூட்டத்தில் பேசிய அப்பெண்மணியே உபதேசியாரிடம் வந்தார். "இனி எறக்கிரலாம்" என்றார். அந்த நால்வரும் திரும்பவே இல்லை.

அவர் கேட்டு ஏற்றிய விளக்கு பயனற்றுப் போயிற்றா என்று என் மாணவர் ஒருவர் ஒருமுறை வினவினார். அதற்கு விடையாக நான் நடந்தவற்றையே சொன்னேன். அந்த 76 இரவுகளில், அதாவது புயலடித்த நாள்முதல் விளக்கை இறக்கிய நாள்வரை, அந்த நான்கு வீடுகளும் தனித்திருக்கவில்லை. எவரேனும் ஒருவர் அவர்களுடன் விழித்திருந்தார். காத்திருப்பதை நிறுத்தும் நாளை ஊர் அவர்கள்மேல் திணிக்கவில்லை. அவர்களே தீர்மானிக்கும்வரை ஊர் பொறுத்திருந்தது. இருத்தலிலிருந்து இரங்கலுக்குச் செல்லும் வழியை ஒருவர் தனியே நடப்பது அரிது. எங்கள் பங்கு அவர்களுடன் சேர்ந்து நடந்தது. ஆண்டுதோறும் சிரட்டையில் விதைத்தும் ஒவ்வொரு வைக்கோலாகச் சேர்த்தும் பழகிய மக்களுக்கு அது இயல்பாகவே கைவந்தது.

இப்போதும் நவம்பர் 30ஆம் நாள் மாலையில் எங்கள் கோவில் மணி ஒலிக்கிறது. கடலுக்குச் சென்று திரும்பாதவர்களின் பெயர்கள், ஊர் நினைவுக்கு எட்டியவரையில், ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன. பின்னர்க் கோபுரத்தில் விண்மீன் ஏற்றப்படுகிறது. அதற்குள் சிறுவர்கள் முற்றத்தில் சிரட்டைகளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.