கேள்வி கேட்ட பிள்ளைக்கு



1990-ல் தம்மம்பட்டியில் ஐந்தாம் வகுப்பு. சூரியக் குடும்பம் பாடம். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சார், குறுங்கோளை நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் கண்டுபிடிச்சிருக்காங்களா?" என்றாள். "அதெல்லாம் வெள்ளைக்காரங்க வேலை, உட்காரும்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் அவள் கேள்வியே கேட்கவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு பேரனோடு ஜவ்வாது மலை காவலூர் வானாய்வகம் போனேன். அப்போதுதான் என் தப்பு புரிந்தது. 1988 பிப்ரவரி 17-லேயே ராஜமோகன் அங்கே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்திருக்கிறார். பெயர் 4130 ராமானுஜன்.

வானத்தின் ஒரே பகுதியை இடைவெளி விட்டுப் படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் அதே இடத்தில் இருக்கும். குறுங்கோள் மட்டும் துளி நகர்ந்திருக்கும். பல இரவுகள் தொடர்ந்து பார்த்தால்தான் அதன் பாதை பிடிபடும். வெள்ளைக்காரரான போக்சன்கூட 1861-ல் 'ஆசியா' குறுங்கோளைக் கண்டது நம்ம சென்னையில் இருந்துதான்.

நகர்ந்த புள்ளியைக் கவனித்தவர் விஞ்ஞானி. எழுந்து நின்ற பிள்ளையை உட்காரச் சொன்னவன் நான்.

அம்மா, இதைப் படித்தால் உனக்கான பதில்: ஆமாம், கண்டுபிடிச்சிருக்காங்க. சாரை மன்னிச்சிடு. உன் பிள்ளைகள் கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லிவிடாதே.