இடக்கை வல்லார்

ஈரோட்டுக்கு எதிரே, காவிரிக் கரையில் அமைந்த பள்ளிபாளையம் எம்முடைய ஊர். விசைத்தறியின் ஒலி கேளாத தெரு அங்கு அரிது. புதிதாக வருவோர்க்கு அஃது இரைச்சலே. தறியோட்டுவார்க்கோ அவ்வொலியே கண்ணாம். பல தறிகள் ஒருங்கே ஓடுங்கால், எத்தறியில் நாடா தடுமாறிற்று என்பதை அவர் தலை திருப்பாமலே அறிவர். தாளமாவது வேகமன்று, இடைவெளியின் ஒழுங்கே என்னும் பாடத்தை யாம் முதற்கண் கற்றது அத்தறிக்கூடங்களிலேதான். அச்செவி கொண்டே பழனி சுப்பிரமணிய பிள்ளையவர்களின் மிருதங்கத்தைப் பழைய ஒலிப்பதிவுகளிற் கேட்டு மகிழ்கின்றோம்.

பிள்ளையவர்கள் (1908–1962) புகழ் பெறாதவரல்லர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் லய மரபில் வந்தவர். ஆலத்தூர் சகோதரர், மதுரை மணி ஐயர் முதலிய பெரியோர்க்குப் பக்கம் வாசித்தவர். ஆயினும், மிருதங்கம் என்றவுடன் பாலக்காடு மணி ஐயர் பெயரே பலர் நாவில் முந்துகின்றது. பிள்ளையவர்களைக் 'கணக்கில் வல்லவர்' என்று ஒரு சொல்லால் மதிப்பிட்டு அமைவாரும் உளர். அம்மதிப்பு அவர் பெருமையிற் பாதியும் காட்டாதென்பது எம் துணிபு.

அவர் இடக்கைப் பழக்கமுடையவர். மிருதங்கத்தின் வலந்தலை சபையோரை நோக்குதல் வேண்டுமாதலின், இடக்கையால் வாசிப்பார் வழக்கமான இடம் விட்டுப் பாடகரின் மறுபுறம் அமர்தல் வேண்டும். பிடில் வித்வானும் இடம் மாறுதல் வேண்டும். இதற்கு உடன்படாதார் இருந்தமையின், தொடக்கத்திற் பல மேடைகள் அவர்க்கு எட்டாவாயின. செம்பை வைத்தியநாத பாகவதரே அவ்வழக்கத்தைப் பொருட்படுத்தாது, அவரைத் தம்முடன் அமர்த்திப் பாடினார். மேனாட்டு ராக் சங்கீதத்திலும் ஓர் இடக்கையர் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் (1942–1970) வலக்கையர்க்குரிய கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். உலகம் அதனை வியந்தது. அவர் தனித்து வாசிக்குங்கால் சபையோர் எழுந்து ஆரவாரித்தனர். நம் சபைகளிலும் தனியாவர்த்தனம் தொடங்கியவுடன் சிலர் எழுவதுண்டு; ஆனால், சிற்றுண்டிச்சாலையை நோக்கி!

எழாது அமர்ந்திருப்பார் பெறும் இன்பம் யாது? ஆதி தாளத்துக்கு அடி எட்டு. அடிக்கு நான்காக ஓராவர்த்தனத்துக்கு 32 அட்சரம். அடிக்கு மூன்றாகத் திசிர நடை புகின் 24. கை போடும் தாளம் மாறாதிருக்க, உள்ளே ஓடும் நடை மாறும். அம்மாற்றத்தைப் பிள்ளையவர்கள் பறை சாற்றிச் செய்வதில்லை. நீரோட்டம் வளைவது போலச் செய்கின்றார். தொப்பியில் அவர் எழுப்பும் கும்காரம் அடித்த ஒலியாகத் தோன்றாது, பாடிய ஒலியாகவே தோன்றும். இரு சொற்களுக்கிடையே அவர் விடும் மௌனமும் கணக்கிற்பட்டதே. இறுதியிற் கோர்வையை மும்முறை வாசித்துப் பாட்டின் எடுப்பிற் கொண்டு சேர்க்குங்கால், இத்துணை நேரம் நாம் கேட்டது கணக்கா, கவிதையா என ஐயுறுகின்றோம்.

மிருதங்க வித்வான் ஒருவர்க்குச் 'சங்கீத கலாநிதி' விருது முதன்முதல் வழங்கப்பெற்றது 1966ஆம் ஆண்டில். அதனைப் பெற்றவர் மணி ஐயர். பிள்ளையவர்கள் காலமாகி அப்பொழுது நான்காண்டுகள் கழிந்திருந்தன. விருது காலத்தைப் பொறுத்தது. செவியோ நம்மைப் பொறுத்தது. நடுவில் அமர்ந்தாரையே நோக்கிப் பழகிய கண், பக்கத்தில் அமர்ந்து பாட்டைத் தாங்குவாரைக் காண்பதில்லை. தறியோட்டுவார் பெயர் துணியில் இல்லாமையும் இத்தகையதே.

மாணவ நண்பர்கள் அடுத்த கச்சேரியில் தனியாவர்த்தனம் முடியுமளவும் அமர்ந்து, தொடையிற் கை வைத்துத் தாளம் போட்டுப் பார்ப்பாராக. ஓரிடத்தில் தவறினும் குற்றமில்லை. தவறிய இடமே வித்வானின் திறம் விளங்கும் இடமாம்.