அந்தச் சின்னது பாடலையாட்ட இருக்குது

கொஞ்சம் நீளமான த்ரெட். மருந்து மாத்திரை எதுவும் இல்ல, ஸ்பீக்கர் செஞ்ச கதை. ஆனா கடைசியில காதுக்குத்தான் வந்து சேரும். வீட்டுல வயசானவங்க இருக்கறவங்க பொறுமையா படிங்க.

நான் மயக்க மருந்து டாக்டர். தியேட்டர்ல எங்களுக்குக் கண்ணை விட காது முக்கியம். பல்ஸ் ஆக்சிமீட்டர் "பீப் பீப்"னு அடிக்கும் இல்லையா, ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா அந்த பீப்போட சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே தெரிஞ்சுடும். அப்படிப் பழகின காதை வெச்சுக்கிட்டு, வீட்டுல பல வருஷமா இருந்த ஒண்ணை நான் கவனிக்கவே இல்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, சொந்தமா ஒரு ஸ்பீக்கர் செய்யணும்னு கிறுக்கு பிடிச்சது. சாதா ஸ்பீக்கர் இல்ல, ஆக்டிவ் கிராஸ்ஓவர் வெச்சது. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு கிராஸ்கட் ரோடு தெரியும். கிராஸ்ஓவர்னா என்னன்னு சொல்லிடறேன்.

ஒரு பெட்டியில பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு, சின்னது ஒண்ணு இருக்கும். பெருசு வூஃபர், தவில், பேஸ் கிட்டார் மாதிரி தடிச்ச சத்தத்துக்கு. சின்னது ட்வீட்டர், சலங்கை, ஜால்ரா மாதிரி கூர்மையான சத்தத்துக்கு. ட்வீட்டருக்கு பேஸ் போனா காயில் கருகிடும். அதனால யாருக்கு எதுன்னு பிரிச்சுக் கொடுக்கணும். அந்தப் பிரிக்கிற வேலைதான் கிராஸ்ஓவர்.

நம்ம ஊர் பாஷையில சொன்னா, கிணத்துத் தண்ணியை ஒரே பெரிய மோட்டார்ல ஏத்தி, அப்புறம் கேட்வால்வைத் திருகித் திருகி மேக்காட்டுக்கும் கீக்காட்டுக்கும் பிரிக்கறது கடையில வாங்கற பெரும்பாலான ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் ஒண்ணுதான். பவர் ஏறின பிறகு பெட்டிக்குள்ள இருக்கற காயிலும் கெப்பாசிட்டரும் பிரிக்கும். ஆக்டிவ்ல முதல்லயே பிரிச்சுடுவோம், சிக்னல் துளியூண்டு இருக்கறப்பவே. அப்புறம் வூஃபருக்கு ஒரு மோட்டார், ட்வீட்டருக்கு ஒரு மோட்டார். இடது வலது சேர்த்து நாலு ஆம்ப்ளிஃபயர். செலவு அதிகம், ஒயர் அதிகம், வீட்டுல திட்டும் அதிகம். ஆனா எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவுன்னு தனித்தனியா கூட்டலாம், குறைக்கலாம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

பிரிக்கற முறைக்கு லிங்க்விட்ஸ்-ரைலின்னு பேர். சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலின்னு ஹியூலெட் பேக்கர்ட் கம்பெனியில இருந்த ரெண்டு இன்ஜினியர்கள். லிங்க்விட்ஸ் 1976-ல எழுதின கட்டுரையில இருந்து வந்தது. பிரியற இடத்துல ரெண்டு ஸ்பீக்கரும் தலா பாதி பாதி தர, சேர்ந்து கேட்கறப்ப மேடு பள்ளம் இல்லாம வரும். நான் 2,200 ஹெர்ட்ஸ்ல பிரிச்சேன். என்இ5532 ஐசி, 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர், 5.1 கிலோஓம் ரெசிஸ்டர். எல்லாம் சேர்த்தா ஒரு சாப்பாட்டுச் செலவுதான். ஆம்ப்ளிஃபயருக்கு எல்எம்3886 நாலு. பெட்டி 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஆசாரியண்ணன் கைவேலை. "ஏனுங் டாக்டர், இத்தனை கனத்துல எதுக்குங்? இது மேல ஆளே நிக்கலாமுங்"னு சிரிச்சாரு. வீட்டம்மா பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஏனுங்க, இது ஹால்லயேதான் இருக்கப் போகுதுங்களா?"

முதல் நாளே ஒரு ட்வீட்டர் போச்சு. ஆக்டிவ்ல ஆம்ப்ளிஃபயருக்கும் ட்வீட்டருக்கும் நடுவுல தடுப்பு எதுவும் இல்ல. சுவிட்சைப் போட்டதும் "டும்"னு ஒண்ணு போச்சு, அவ்வளவுதான். தப்பு என்னோடதுதான். காவலுக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டிருக்கணும். போடல.

பொங்கலுக்கு சோமனூர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க. அப்பாவுக்கு 71. முப்பது வருஷத்துக்கு மேல விசைத்தறி ஓட்டினவர், கூலிக்கு. அவரை நடுவுல சேர் போட்டு உட்கார வெச்சு, அவருக்குப் புடிச்ச டி.எம்.எஸ்., சுசீலா பாட்டாப் போட்டேன். ரெண்டு பாட்டு அமைதியா கேட்டார். அப்புறம் எந்திரிச்சுப் பக்கத்துல போய், ட்வீட்டர்கிட்ட குனிஞ்சு பார்த்தார்.

"பெருசு நல்லாப் பாடுது கண்ணு. அந்தச் சின்னது பாடலையாட்ட இருக்குது."

மறுபடியும் போச்சான்னு பதறிட்டேன். காதை வெச்சுப் பார்த்தா நல்லா பாடுது. தனித்தனி ஆம்ப்ளிஃபயர்தானே, வூஃபர் ரெண்டையும் நிறுத்திட்டு ட்வீட்டரை மட்டும் விட்டேன். எனக்குக் கூர்மையா கேட்குது. அப்பா, "ஏன் கண்ணு நிறுத்திட்டே?"ன்னார்.

வயித்துக்குள்ள ஏதோ புரண்டுச்சு. போன்ல சிக்னல் ஜெனரேட்டர் ஆப் இருந்துச்சு. சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்கன்னு சொன்னேன். 500 ஹெர்ட்ஸ், தூக்கினார். 1,000, தூக்கினார். 2,000-க்கு யோசிச்சுத் தூக்கினார். 4,000-க்கு கொஞ்சம் கொஞ்சமா வால்யூம் ஏத்தினேன். பக்கத்து ரூம்ல படிச்சிட்டிருந்த மகள் காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடி வந்தா. அப்பா என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தார். "போட்டுட்டியா கண்ணு?"

ஸ்பீக்கர் செய்யறேன்னு ஒரு ஆடியோமீட்டர் செஞ்சு வெச்சிருக்கேன்.

பொங்கல் முடிஞ்சு முறையா ஆடியோகிராம் எடுத்தோம். தாழ்ந்த சுருதிகள்ல கிட்டத்தட்ட நார்மல். 4,000-ல ரெண்டு காதும் 70 டெசிபல் அளவுக்குப் பள்ளம். புத்தகத்துல போட்ட படம் மாதிரி இரைச்சல் செவிட்டுத்தன்மை, மேல வயசும் சேர்ந்திருக்கு.

நம்ம உள்காதே ஒரு கிராஸ்ஓவர்தான். நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்ளியாவுல, வாசல் பக்கம் கூர்மையான சத்தத்துக்கு, உள்ள போகப் போக தடிச்ச சத்தத்துக்குன்னு இடம் பிரிஞ்சிருக்கு. இதைக் கண்டுபிடிச்ச பெக்கேசிக்கு 1961-ல நோபல் பரிசு. அங்க இருக்கற முடிசெல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. தொடர் இரைச்சல்ல முதல்ல சாகறது இந்த 4,000 பக்கம் இருக்கறதுதான். செத்தா மறுபடி முளைக்காது.

85 டெசிபல்ல தினம் 8 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்வாங்க. நாடாத் தறி ஓடற குடோனுக்குள்ள அது 90-ஐத் தாண்டும், ஷிஃப்ட்டோ 12 மணி நேரம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாம் அட்டவணையில இரைச்சலால வர்ற செவிடும் ஒரு தொழில் நோயா இருந்துச்சு. ஆனா அப்பா வேலை செஞ்ச மாதிரி நாலஞ்சு ஆள் குடோனுக்கு அந்தச் சட்டம் எங்க வந்தது? காதுல பஞ்சு வெச்சாக்கூட, நூல் அறுந்தா சத்தம் தெரியாதுன்னு எடுத்துடுவாங்களாம்.

எனக்கு உறைச்சது வேற. ரெண்டு மூணு வருஷமா அம்மா சொல்லிட்டே இருந்தாங்க, "உங்கப்பனுக்கு எதுலயும் புடிப்பு இல்ல சாமி, கூப்புட்டாத் திரும்பறதுகூட இல்ல"ன்னு. பேத்தி ஏதாவது கேட்டா சம்பந்தமில்லாம பதில் சொல்வார். மறதி நோயோட ஆரம்பமோன்னு நான் மனசுக்குள்ள பயந்துட்டு இருந்தேன், வெளிய சொல்லாம. அவருக்குக் குரல் கேட்டிருக்கு, வார்த்தை புரியல. உயிரெழுத்து தாழ்ந்த சுருதியில வரும். ச, ஸ, ட, த எல்லாம் பிரிஞ்சு தெரியறது மேல் சுருதியில. "பத்து"க்கும் "பட்டு"க்கும் வித்தியாசம் போச்சுன்னா மனுஷன் என்ன பதில் சொல்லுவார்? குழந்தைக் குரல் இன்னும் கஷ்டம். (காது கேளாமையைச் சரி செய்யாம விட்டா மறதி நோய் ஆபத்து கூடும்னு லான்செட் குழுவும் சொல்லுது. அதனால என் பயம் முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது.)

இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? ட்வீட்டரை மட்டும் 10 டெசிபல் ஏத்தி விட்டேன். ஒரு ஜால்ரா சத்தம் வந்ததும் அப்பா துள்ளிட்டார். "ஏஞ்சாமி, காதுல ஊசி குத்தறாப்புல இருக்குது!" அடிபட்ட காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூடினா பொறுக்காது. நடுவுல இருக்கற இடம் ரொம்பக் குறுகல். மெல்லிசை அதிகமாவும் பெருசைக் கம்மியாவும், அதுவும் சுருதி சுருதியா தனித்தனியா ஏத்தணும். அதைச் செய்யற மெசின் ஏற்கெனவே இருக்கு. டிஜிட்டல் ஹியரிங் எய்டு. நான் 20 கிலோ பெட்டியில செஞ்சதை விட நல்ல வேலையை அது காது மடலுக்குப் பின்னாடி செய்யுது.

ஆன்லைன்ல சல்லிசா கிடைக்கற, எல்லாச் சத்தத்தையும் ஒரேடியா ஏத்தற டப்பாவை வாங்கிடாதீங்க. ஆடியோகிராம் எடுத்து, அதுக்கேத்த மாதிரி ஆடியாலஜிஸ்ட் செட் பண்ணித் தரணும். முதல் ஒரு மாசம் எல்லாருமே கழட்டித்தான் வைப்பாங்க. அப்பாவும் "காதுக்குள்ள சந்தையாட்ட இருக்குது"ன்னு டிராயர்ல போட்டுட்டார். பேத்திதான் தினமும் எடுத்து மாட்டி விட்டா.

போன வாரம் வந்திருந்தார். அதே சேர், அதே பாட்டு. முடிஞ்சதும் மறுபடி எந்திரிச்சு ட்வீட்டர்கிட்ட குனிஞ்சார்.

"பாட்டு நின்ன பொறகும் இதுல ஏதோ இரையுது பாரு கண்ணு."

ஆமா, இரையுது. ட்வீட்டர் ஆம்ப்ளிஃபயர்ல கெயின் அதிகம். ஆரம்பத்துல இருந்தே தெரியும், யாருக்குக் கேட்கப் போகுதுன்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை பெட்டியைத் திறக்கணும்.