சித்தப்பான்னு கூப்பிடச் சொன்னவன்

'ப்ளைண்ட் ஷாஃப்ட்' என்றொரு சீனப் படம். குருட்டுச் சுரங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். லி யாங் எடுத்தது. 2003-இல் பெர்லின் விழாவில் வெள்ளிக்கரடி வாங்கியது. சொந்த நாட்டில் திரையிட விடவில்லை.

கதை இதுதான். ரெண்டு பேர். கூலிக்கு ஆள் நிற்கிற இடத்துக்குப் போவான்கள். வேலை தேடி வந்து திக்குத் தெரியாமல் நிற்கிற ஒருத்தனைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பான்கள். நிலக்கரிச் சுரங்கத்துல நல்ல வேலை இருக்கு, ஆனா சொந்தக்காரனத்தான் சேத்துக்குவாங்க, நீ என்னைச் சித்தப்பான்னு கூப்பிடு என்பான் ஒருத்தன். அவனும் கூப்பிடுவான். கொஞ்ச நாள் ஒண்ணா வேலை செய்வார்கள். அப்புறம் மண்ணுக்கடியில் வைத்து அடித்துக் கொன்றுவிட்டு, கூரை இடிந்து விழுந்ததாகக் கணக்குக் காட்டுவான்கள். சித்தப்பன் மாரில் அடித்துக்கொண்டு அழுவான். முதலாளி பயந்து பேரம் பேசி நட்டஈடு கொடுப்பான். பிணத்தை எரித்துச் சாம்பலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் காசு தபாலாபீஸ் வழியாகக் கொலைகாரன் வீட்டுக்குப் போகும். அவன் மகன் படிக்கணுமே.

ரெண்டு பேரும் கிராமத்துக்காரன்கள்தான். ஏழை ஏழையைத் தின்கிறான் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. முதலாளி ஒருத்தன் சொல்கிறான், சீனாவில் எல்லாத்துக்கும் பஞ்சம், ஆளுக்கு மட்டும் பஞ்சமில்லையாம். அதுதான் படம். 2002-இல் மட்டும் அரசுக் கணக்குப்படியே 6,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்த நாட்டுச் சுரங்கங்களில் செத்தார்கள். சாவு சாதாரணமாகிவிட்ட இடத்தில்தானே கொலையை விபத்தாக விற்க முடியும்?

அந்த நாட்டில் ஹூகோ என்று ஒரு பதிவேடு இருக்கிறது. பெற்றோருக்கு எந்தப் பதிவோ அதுதான் உன் பதிவு. கிராமத்துப் பதிவுக்காரன் பட்டணத்துக்குப் போய் எத்தனை வருசம் கல் சுமந்தாலும் பட்டணத்தானுக்குள்ள பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி உரிமை சுலபத்தில் வராது. படம் பெர்லினுக்குப் போன அதே 2003-இல், சுன் ஜீகாங் என்ற 27 வயதுப் பட்டதாரி, தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லாததால் குவாங்சோவில் பிடிபட்டு, காவலில் அடிபட்டுச் செத்தான். அந்தக் காவல் முறையே அந்த வருசம் ரத்தானது. இதைச் சாதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிறப்பைப் பார்த்து ஆளை வெளியே நிறுத்துகிற வித்தை சேரிக்காரனுக்குத் தெரியாததா? வர்க்கம் என்ற ஒரே சாவியால் இந்தப் படத்தைத் திறக்கிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

நான் ஜவ்வாது மலை அடிவாரத்துச் சேரிக்காரன். இயக்க வேலையாக ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அடிக்கடி மேலே போகிறவன். சாமையும் புளியும் பலாவும் தேனும் வருசம் பூரா சோறு போடாது. ஆகவே மலையாளிப் பழங்குடிகள் கீழே இறங்குகிறார்கள். திருப்பூர், பெங்களூர், கேரளா. கூட்டிப்போக வருகிற மேஸ்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "மாமா, மச்சான்" என்றுதான் ஆரம்பிப்பான். முன்பணம் கொடுப்பான். அவன் பேர் தெரியும், ஊர் தெரியாது. மாநிலம் விட்டுக் கூட்டிப்போகிற தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம் கொடுக்கணும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். மலையில் ஒருத்தர் கையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

அப்படிப் போனவர்களில் சிலர் போன இடம் செம்மரக்காடு. ஒருகாலத்தில் இந்த மலை சந்தனத்துக்குப் பேர்போனது. கோடாலி பழகிய கை. சந்தனம் போனது, கை மிச்சமிருக்கிறது. செம்மரம் ஆந்திராவின் சேசாசலம் காட்டில் வளர்வது. கடத்துகிறதில் பெரும்பகுதி போய்ச் சேர்வது சீனாவுக்கு. அங்கே பணக்கார வீடுகளில் அரசர் காலத்து மாதிரி நாற்காலியும் கட்டிலும் ஆகிறது. படத்துக்கு மூலமான லியூ சிங்பாங்கின் கதைக்குப் பேர் 'ஷென் மூ'. தெய்வ மரம் என்று அர்த்தம். அவர் சொன்னது நிலக்கரியை.

2015 ஏப்ரல் 7-இல் அந்தக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலை ஆட்களும் அதில் உண்டு. கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அதில் ஒருத்தர் தப்பியது, பக்கத்து சீட்டில் ஒரு பெண் இருந்ததால். புருசன் பொண்டாட்டி என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். பொய் உறவு அங்கே ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. மரம் வெட்டினார்களா இல்லையா என்று இன்னும் கேட்கிறார்கள். வெட்டியிருந்தாலும் எந்தச் சட்டத்தில் அதுக்கு மரணதண்டனை?

படத்தின் மேல் எனக்கொரு வழக்குண்டு. செத்தவனைத் தேடி ஒரு பெண்ணும் வருவதில்லை. தாய், மனைவி எல்லாம் எங்கோ தூரத்தில். காணாமல் போன அப்பன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற 16 வயசுப் பையன் ஒருத்தன்தான் இருக்கிறான். அவனையும் அடுத்த பலிக்குப் பிடித்துவிடுகிறார்கள். நடித்த வாங் பாவோசியாங்கும் கிராமத்திலிருந்து பீஜிங்குக்கு வந்து கூலிவேலை பார்த்தவர்தான். முகத்தில் தெரிகிறது.

இங்கே பெண்கள் வந்தார்கள். விதவை ஒருத்தர் கொடுத்த புகாரில்தான் சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலை வழக்கே பதிவானது. தமிழக அரசு தலைக்கு 3 லட்சம் அறிவித்தது. ஆறு குடும்பங்கள் உடலை எரிக்க மாட்டோம் என்று நின்றார்கள். நீதிமன்ற உத்தரவில் மறு உடற்கூறாய்வு நடந்தது.

மலையில் ஒரு வீட்டில் இந்தப் படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். பையனை விலைமாதிடம் கூட்டிப்போகிற இடத்தை ஓட்டிவிட்டு, மீதிக்கு நானே தமிழ் சொன்னேன். கடைசியில் ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் அடித்துச் சாகிறான்கள். பையன் தப்பி வெளியே வருகிறான். சித்தப்பன் செத்ததுக்கு நட்டஈட்டை அவன் கையிலேயே திணிக்கிறார்கள். சுடுகாட்டுப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். படம் முடிந்துவிட்டது.

"ஏம்பா, அவங்கம்மாவுக்கு யாரு போய் சொல்லுவாங்க?" என்று கேட்டது ஒரு பாட்டி. படத்துல அது இல்ல பாட்டி என்றேன்.

"அவன் பேரு இன்னா சொன்ன?" என்று திரும்பக் கேட்டது. சொன்னேன். யுவான் ஃபெங்மிங். ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தது, வாயில் வரவில்லை.