மறுபடி நீட் எழுதணுமா, எப்போ எழுதணும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசியுங்கள்.

ஜூன் 14-ஆம் தேதி நீட் ரிசல்ட் வந்ததிலிருந்து என் போனுக்கு ஓய்வே இல்லை. என்னிடம் மூணாப்பும் நாலாப்பும் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது நீட் எழுதுகிற வயசுக்கு வந்துவிட்டார்கள். "டீச்சர், பிள்ளைக்கு இடம் கிடைக்கல, இன்னொரு வருஷம் எழுத விடலாமா, இல்ல ஏதாவது காலேஜில சேத்துரலாமா?" எல்லாருக்கும் இதே கேள்விதான். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து ஆரம்பப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் காலம் போக்கினவள். பிசிக்ஸ் கணக்கு எனக்கு வராது. ஆனால் இந்த எட்டு ஒன்பது வருஷமாக நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுவதையும், எழுதாமல் விட்டதையும், விட்டுவிட்டு வருத்தப்பட்டதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

என் தங்கச்சி பேத்தி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. அப்பா தறி ஓட்டுகிறவர். நீட்டில் 351 மார்க். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலும் இடம் அவள் வரைக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்டது: "பாஸுன்னுதானே போட்டுருக்கு, பிறகு ஏன் சீட்டு இல்லங்காங்க?" இதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தில் பிள்ளைகள் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. நீட்டில் 'தகுதி' என்று போடுவது கலந்தாய்வு வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டும்தான். 2025-ல் பொதுப்பிரிவுக்கு அந்தக் கோடு 144 மார்க், பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 113. நாடு முழுக்க 22 லட்சம் பேருக்கு மேல் எழுதி, 12 லட்சத்துக்கு மேல் 'பாஸ்'. இருக்கிற எம்.பி.பி.எஸ். இடமோ ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம். பத்துப் பேர் பாஸானால் ஒருத்தருக்குத்தான் நாற்காலி. இது தெரியாமல் "பாஸாகியும் சேரத் தெரியல" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

இன்னொரு பேச்சு, "ரெண்டாவது தடவையா? அப்போ மொத தடவ ஒழுங்கா படிக்கல போலிருக்கு." நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுத்த 2016-17-ல் சேர்ந்தவர்களில் மறுபடி முயன்று வந்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம். அதாவது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போகிற பத்துப் பேரில் ஏழு பேர் முதல் தடவையில் கிடைக்காதவர்கள். அந்த நிலைமை நியாயமா என்றால், இல்லை என்பேன். ஒரு வருஷம் வேலை வெட்டி இல்லாமல் பிள்ளையை உட்காரவைத்துப் பணம் கட்ட முடிந்த வீட்டுக்குத்தான் அது வசதி. ஆனால் நியாயமில்லை என்பதற்காக அந்தக் கணக்கை நம் பிள்ளைகளிடமிருந்து மறைக்கவும் கூடாது.

நம் பிள்ளைக்கு முதல் தடவை என்பது என்ன? 2025-ல் பிளஸ் டூ பரீட்சை முடிந்தது மார்ச் 25. நீட் மே 4. நடுவில் நாற்பது நாள். தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே அந்தப் பரீட்சைக்கென்று தயாராகி வந்த பிள்ளையோடு, இவள் நாற்பது நாளில் போட்டி போட்டாள். அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டாவது தடவைதான் உண்மையில் முதல் தடவை என்பது என் அபிப்பிராயம். ஒரு முழு வருஷம் கொடுத்து ஒரு தடவை எழுதவிட வேண்டும். அதையும் உடனே, பாடம் சூடு ஆறுவதற்குள். "இந்த வருஷம் சும்மா இருக்கட்டும், அடுத்த வருஷம் பாப்போம்" என்றால் பிள்ளைக்குப் பாதிப் பாடம் மறந்து போகும்.

ஆனால் உடனே என்றால் ரிசல்ட் வந்த வாரத்திலேயே என்று அர்த்தம் இல்லை. அந்த வாரம் எடுக்கிற முடிவு எல்லாம் அழுகையில் எடுப்பது. நாங்கள் என்ன செய்தோம் என்றால், அவளுடைய ஓ.எம்.ஆர். தாளையும் விடைக் குறிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பரீட்சை நடத்துகிறவர்களே இரண்டையும் இணையதளத்தில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பேப்பர் திருத்தத் தெரியுமே. உயிரியலில் 66 சரி, 14 தப்பு: 250 மார்க். வேதியியலில் 22 சரி, 18 தப்பு: 70. இயற்பியலில் 14 சரி, 25 தப்பு. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. 56-ல் 25 போக 31.

"ஏட்டி, இந்த இருபத்தஞ்சும் தெரிஞ்சு தப்பா போட்டதா, தெரியாம போட்டதா?" என்றேன்.

"பதினேழு குத்துமதிப்பு ஆச்சி. பயத்துல போட்டது."

அவள் அம்மா அது வரைக்கும் "படிச்சது பத்தல, படிச்சது பத்தல" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் வாயை மூடினாள். உயிரியலில் நன்றாகப் படித்திருக்கிறாள். ஓட்டை இயற்பியலில், அதிலும் பாதி ஓட்டை பயத்தில். எதில் குறை என்று கைவைத்துக் காட்ட முடிந்தால் இன்னொரு வருஷம் கொடுக்கலாம். மூன்று பாடத்திலும் பரவலாக, காரணம் சொல்ல முடியாமல் மார்க் குறைந்திருந்தால், அல்லது "போன வருஷம் படிச்ச மாதிரியே இன்னும் நல்லா படிப்பேன்" என்று மட்டும் பிள்ளை சொன்னால், நான் இரண்டு தடவை யோசிப்பேன். அதே புத்தகம், அதே படிப்பு, அதே பயம் என்றால் போன வருஷத்தையே திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறோம், அவ்வளவுதான்.

மார்க்கைப் பற்றி இன்னொன்று. பக்கத்துத் தெரு அண்ணன் போன வருஷம் இவ்வளவு எடுத்தும் கிடைக்கவில்லை, அப்படியானால் எனக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று பிள்ளைகள் சுவரில் நம்பர் எழுதி ஒட்டிவைக்கிறார்கள். 2024-ல் ரிசல்ட் வந்தபோது 67 பேர் 720-க்கு 720. அதில் எவ்வளவு சச்சரவு நடந்தது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். 2025-ல் நாட்டிலேயே முதல் இடம் 686 தான், இயற்பியல் அவ்வளவு கடினம். போன வருஷ மார்க்கும் இந்த வருஷ மார்க்கும் ஒரே ரூபாய் இல்லை. ரேங்கைப் பாருங்கள், அதிலும் மாநிலப் பட்டியலில் நம் பிரிவில், நம் ஒதுக்கீட்டில் கடைசி இடம் எந்த ரேங்கில் நின்றது, நம் பிள்ளை எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கிறாள் என்று பாருங்கள்.

எப்போது எழுதுவது என்பதில் நான் பார்த்த பெரிய கஷ்டம், வேறு எதற்காகவோ காத்திருப்பது. என்னிடம் அஞ்சாப்பு படித்த ஒரு பையன் 2018-ல் தமிழில் நீட் எழுதினான். அந்த வருஷம் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஜூலையில் 196 மார்க் கொடுக்கச் சொன்னது. வீட்டில் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, நவம்பரில் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. அது வரைக்கும் அவன் புத்தகத்தைத் தொடவில்லை. தொடச் சொல்லவும் யாருக்கும் மனசு வரவில்லை. 2019 மே மாதம் மறுபடி எழுதி, கிடைக்காமல், போதும் என்று விட்டுவிட்டான். 2020-ல் பரீட்சை செப்டம்பரில் நடந்து, ரிசல்ட்டும் வந்த பிறகு, அக்டோபர் கடைசியில்தான் 7.5 சதவீத ஒதுக்கீடு அமலுக்கு வந்தது. அந்த வருஷம் அவன் எழுதியிருக்கவே இல்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "டீச்சர், அந்த ஒரு வருஷம்..." என்று ஆரம்பிப்பான். அவனுக்கு நான் என்ன சொல்ல?

நீட் விலக்கு மசோதாவும் அப்படித்தான். 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறி, கடைசியில் ஜனாதிபதி ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதைக் கேட்க வேண்டியது நாம், பெரியவர்கள். கேட்டுக்கொண்டே இருப்போம். பதினெட்டு வயசுப் பிள்ளை அதை நம்பித் தன் காலண்டரைக் குறிக்கக் கூடாது. கடைப்பிடிக்க வேண்டிய தேதி வேறு. நீட் மார்க் அந்த ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், ஒவ்வொரு தடவையும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2025 தேர்வுக்கு பிப்ரவரி 7-லிருந்து மார்ச் 7 வரை. அதன் பிறகு மாநிலக் கலந்தாய்வுக்குத் தனி விண்ணப்பம். போன வருஷம் போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னும் சிலர், தனியார் கோச்சிங்கில் ஒரு வருஷம் சேர்த்தால் அரசுப் பள்ளி ஒதுக்கீடு போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். போகாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்றுதான் பார்ப்பார்கள். அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆகவே கடன் வாங்கி நாமக்கல் பக்கம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று தறிக்காரர்கள் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் எந்தப் பாடத்தில் ஓட்டை என்று பாருங்கள், அந்த ஓட்டைக்கு மட்டும் காசு செலவழியுங்கள்.

மூன்றாவது தடவை பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். ஏதாவது ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதட்டும். வயசு வரம்பு இல்லை என்று 2022-ல் எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் ஜனவரியில் 61 வயசு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கலந்தாய்வு வரை போய், இளையவர்களுக்கு விட்டுக்கொடுத்துத் திரும்பினார் என்று செய்தி வந்ததே. (எங்கள் வீட்டில் அன்றைக்கு என்னைக் கேலி செய்யாத ஆள் பாக்கி இல்லை.) கதவு திறந்திருக்கிறது என்பதற்காக வாசலிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. என் மாணவன் ஒருத்தன் இரண்டு தடவை நீட் எழுதிவிட்டு, பிளஸ் டூ மார்க்கில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான். முதல் வருஷம் படிக்கும்போதே மூன்றாவது தடவை எழுதினான், கிடைக்கவில்லை, தொடர்ந்து படித்தான். "மாட்டு டாக்டர்தானா" என்று கல்யாண வீட்டில் கேட்டவர் வீட்டில் போன பொங்கலுக்கு முன்னால் சினை மாடு கன்று போட முடியாமல் தவித்தபோது, ராத்திரி ஒரு மணிக்கு அவன்தான் போய் நின்றான். ஒன்று மட்டும் கவனம்: இப்படிச் சேரும்போது அசல் டி.சி., மார்க் ஷீட் எல்லாம் கல்லூரியில் போய்விடும், நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகையும் இருக்கும். சேர்வதற்கு முன்பே அந்த விதியைக் கேட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

பேத்தி விஷயத்தில் எதிர்ப்பு வந்தது மார்க்கிலிருந்து இல்லை. அவள் தாய்மாமா, "பொம்பளப் பிள்ளைய ஒரு வருஷம் வீட்டுல வச்சிருந்தா நாலு பேரு பொண்ணு கேட்டு வருவாங்க, அப்ப என்ன சொல்லுவீங்க?" என்றார். தறிக்காரர் அது வரைக்கும் பேசவே இல்லை. "படிக்கான்னு சொல்லுவோம் மாப்ள" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஆடித் தபசுக்குக் கூட்டத்தில் நின்று கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து, அவளே ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். 2026 மே வரை ஒரு முழு வருஷம். டிசம்பர் வரை வாரம் ஒரு மாதிரித் தேர்வு, தெரியாத கேள்வியைத் தொடாமல் விடப் பழகுவது. கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. நர்சிங், அதற்கும் விண்ணப்பம் போட்டு வைப்பது. புற்றுமண்ணை நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறாள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் முழுக்க அவளிடம் மார்க் கேட்காதீர்கள். 2017-ல் அரியலூர் அனிதா போனதிலிருந்து இந்த ஒரு பரீட்சையால் எத்தனை வீடுகள் அணைந்துவிட்டன என்று உங்களுக்குத் தெரியும். எந்தப் பிள்ளையாவது சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் "பரீட்சை டென்ஷன்" என்று விட்டுவிடாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். 104-க்கு எந்நேரமும் போன் போட்டுப் பேசலாம், காசு கிடையாது.

கடைசியாக என் மாணவர்களுக்கு. உங்களில் எம்.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவர்களும், பாளையங்கோட்டையில் மருத்துவம் படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வர முடியுமா? இவளோடு சேர்த்து மறுபடி எழுதுகிற பிள்ளைகள் இப்போதைக்கு ஐந்து பேர். போர்டும் சாக்பீஸும் என்னிடம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. வர முடிந்தவர்கள் கமெண்டில் போடாமல் எனக்குப் போன் செய்யுங்கள், பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்.