ஓர் எண்ணைத் தேடி
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், உளவியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவள் நான். என் தாயார் வீடு வீடாகப் பூக் கொடுப்பவர். முப்பத்து நான்கு வீடுகளுக்கு மாதக் கணக்கு. எந்த வீட்டுக்கு எத்தனை முழம், யார் எந்த நாள் வேண்டாம் என்றார்கள், போன மாத பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். கையெழுத்துப் போடுவார்; அதற்குமேல் எழுத்து வராது.

இவ்வாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு 'நினைவு வீச்சு' என்னும் தலைப்பை எடுத்துக் கொண்டேன். ஒரு தடவை கேட்டதில் ஏழு இலக்கங்களை மனிதன் திருப்பிச் சொல்வான், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்று கைடு கூறியது. முதல் சோதனை வீட்டிலேயே நடந்தது. அம்மா ஐந்தாவது இலக்கத்தில் தடுமாறினார். "எனக்குப் படிப்பா இருக்கு, தாயி? வேற யாரையாச்சும் கேளு" என்று கூடையைத் தூக்கிக் கொண்டு போய்விட்டார். அன்றிரவு தாளில் 'நான்கு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பேராசிரியை அம்மையாரிடம் சொன்னேன். "ஏழு என்று யார் சொன்னது?" என்றார்.

"கைடில் இருக்கிறது, மேடம்."

"கைடுக்கு யார் சொன்னது?"

நூலகத்துக்குப் போனேன். தூயி எண் 150 என்று எழுதிய அலமாரியில் இரண்டே தட்டுகள். அவற்றில் நான் தேடியது இல்லை. நூலகர் ஐயா சிரித்தார். "உளவியல் ஒரே வீட்டில் குடியிருக்காதம்மா. 370.15-ல் கல்வி உளவியல் இருக்கும், மனநோய் 616.89-க்குப் போய்விடும்." கல்விப் பகுதியில், ஆண்டுக்கணக்காக யாரும் தொடாத ஒரு தடித்த நூலில், நினைவு பற்றிய இயலின் அடிக்குறிப்பாக அந்த ஒரு வரி கிடைத்தது: ஜார்ஜ் மில்லர், 1956, சைக்கலாஜிக்கல் ரிவியூ, 63ஆம் தொகுதி, பக்கம் 81.

அந்த இதழ் நம் நூலகத்தில் ஏது? முன்பெல்லாம் இதற்கு வழிகாட்ட 1927 முதல் 'சைக்கலாஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்ற அச்சுத் தொகுதிகள் வந்தனவாம். 2006-ல் அச்சு நின்று போயிற்று. பழைய கட்டுரைகள் சிலவற்றைக் கனடாவின் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டோபர் கிரீன் இணையத்தில் இலவசமாகத் தொகுத்து வைத்திருக்கிறார் என்று நூலகர் ஐயா காட்டினார். மில்லர் அங்கே இருந்தார்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாலைகள் படித்தேன். கைடு விழுங்கியதெல்லாம் அதில் இருந்தது. மில்லர் எண்ணியது இலக்கங்களை அல்ல, 'கட்டுகளை'! பழகியவன் பலவற்றை ஒரே கட்டாகக் கட்டிவிடுவான். பூஜ்யமும் ஒன்றுமாக வரும் வரிசையைக் கட்டுகளாக்கப் பழகிய ஒருவர் சுமார் நாற்பது வரை திருப்பிச் சொன்னாராம். ஏழு என்ற எண் பல இடங்களில் தலைகாட்டுவது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம் என்று மில்லரே ஐயப்படுகிறார். 2001-ல் நெல்சன் கோவன் என்பவர், உண்மையான அளவு ஏறத்தாழ நான்கு கட்டுகளே என்று வாதிட்டிருக்கிறார். ஆங்கிலம் கடினம்தான், ஆனால் கைடைவிட எளிதாகப் புரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் அம்மாவிடம் இலக்கங்களைச் சொல்லவில்லை. அவருடைய வீடுகளில் பன்னிரண்டுக்கு, நாளைக்கு வேண்டிய முழங்களை நானாகக் கற்பித்து ஒரே தடவை சொன்னேன். தெருத் தெருவாகப் பிரித்து ஒப்பித்தார். ஒன்றுதான் தவறியது. "வாத்தியார் வீட்ல வெள்ளிக்கிழமை மட்டுந்தான் வாங்குவாங்க, அதைத் தப்பாச் சொல்லிட்டே" என்று என்னையும் திருத்தினார்.

"இதில் பழைய நினைவும் கலந்திருக்கிறது, ஒரே ஆளை வைத்து முடிவு கட்டாதே" என்றார் அம்மையார். சரிதான். பள்ளிக்குப் போகாதவர்களைச் சோதிக்க எந்தக் கருவி பொருந்தும் என்று இப்போது 'சோத்கங்கா'வில் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளைப் புரட்டிக் கொண்டிருக்கிறேன். வினாத்தாள்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. 1931-32-ல் உஸ்பெகிஸ்தானில் எழுத்தறியாத உழவர்களிடம் சோதனை நடத்திய லூரியாவின் நூலும் வேண்டும். அதை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்ப்பதாக நூலகர் ஐயா சொல்லியிருக்கிறார்.

"எனக்கு எத்தனை மார்க்கு போட்டே?" என்று அம்மா இன்று காலையிலும் கேட்டார்.